கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: நல்லதாக இருந்தும் விற்காமல் போன ஆல்பங்கள், அவற்றின் தயாரிப்பாளர்கள் பற்றிப் படிக்க ஏதாவது புத்தகம் சொல்லுங்களேன். (வாசகி, கோத்தகிரி)

பதில்: முதலில் ஜோ பாய்ட் எழுதிய 'ஒயிட் பைசிக்கிள்ஸ்' (2006). ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்தவர் இவர். 1969இல் வந்த முதல் ஆல்பத்துக்கு, அனுபவசாலி ஒருவர் அமைத்த வயலின் பகுதிகள் டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. கல்லூரி நண்பர் ராபர்ட் கெர்பியைப் போடலாம் என்றார். அனுபவமே இல்லாத மாணவர்! பாய்ட் சம்மதித்தார். அந்த இசைக்கோர்ப்பைத்தான் இன்று எல்லோரும் புகழ்கிறார்கள். எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவர்தான் என் கணக்கில் நல்ல தயாரிப்பாளர். பாவம், டிரேக் 1974இல் 26 வயதில் இறந்தபோது ஆல்பங்கள் சில ஆயிரம்தான் விற்றிருந்தன.

அப்புறம், ஆல்பத்துக்கு ஒரு குட்டிப் புத்தகம் என்று 2003இல் தொடங்கிய '33 1/3' வரிசை. சில அறுவை, சில அருமை. ஊட்டியில் ஜூலை மழைக்குப் போர்வைக்குள் படிக்கத் தோதான அளவு.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ஆல்பம் பற்றித் தமிழில் யாராவது இப்படி எழுதினால், மேட்டுப்பாளையம் வரை பஸ் ஏறிப்போய் வாங்க நான் தயார்.