காலி நாற்காலியின் கனம்

கேள்வி: மியான்மரில் எதிர்க்கட்சிகளை ராணுவம் நசுக்கும்போது, அண்டை நாடுகளின் ஆசியான் அமைப்பு வேடிக்கை பார்ப்பது ஏன்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வெறுமனே வேடிக்கை பார்த்தார்கள் என்று சொல்லிவிட முடியாது; ஆனால் அவர்களுடைய கோபம் மரியாதையை மறுத்ததோடு நின்றுவிட்டது. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி பெருவெற்றி பெற்றதை ஏற்காத ராணுவம், 2021 பிப்ரவரி 1 அன்று ஆட்சியைப் பறித்தது. ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் கூடிய ஆசியான் தலைவர்கள், வன்முறையை உடனே நிறுத்துவது, எல்லாத் தரப்பினரும் பேசுவது, சிறப்புத் தூதர் ஒருவரை அனுப்புவது ஆகியவை அடங்கிய ஐந்து அம்ச உடன்பாட்டை, ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கையும் உடன் வைத்துக்கொண்டே அறிவித்தார்கள். அவர் ஊர் திரும்பிய சில நாட்களில், நாட்டில் அமைதி திரும்பிய பிறகு பரிசீலிக்கிறோம் என்று ராணுவ ஆட்சி நழுவிக்கொண்டது. அமைதியைக் குலைத்தவர்களே அதற்காகக் காத்திருப்பதாகச் சொன்ன விசித்திரம் அது!

அதன் விளைவாக, அக்டோபர் உச்சி மாநாட்டுக்குத் தளபதியை அழைக்காமல், அரசியல் சார்பற்ற ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். மியான்மர் யாரையும் அனுப்பவில்லை. உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதை வேதமாகக் கொண்ட அமைப்புக்கு இது துணிச்சலான முடிவுதான். ஆனால் உள்நாட்டில் ஒடுக்குமுறை தணியவில்லை. 2022-ல் ஆசியான் தலைமையில் இருந்த கம்போடியப் பிரதமர் ஹுன் சென், மரண தண்டனைகளை நிறைவேற்ற வேண்டாமென்று கடிதமே எழுதியும், அந்த ஜூலையில் முன்னாள் எம்.பி. பியோ ஸேயா தாவ் உள்ளிட்ட நால்வரின் உயிர் பறிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் சூகியின் கட்சியும் கலைக்கப்பட்டது.

கேள்வி: அமைப்பிலிருந்தே நீக்கிவிட்டால் வழிக்கு வருவார்களா? (வாசகி, சேலம்)

பதில்: ஆசியான் சாசனத்தில் உறுப்பினரை நீக்குவதற்கென்று விதியே கிடையாது, முடிவுகளும் ஒருமித்த கருத்தின்படியே எடுக்கப்படுகின்றன. மியான்மர் கடலில் எடுக்கப்படும் எரிவாயுவைத் தாய்லாந்து விலைக்கு வாங்குகிறது. ஆசியானுக்கு வெளியே சீனாவும் ரஷ்யாவும் ஆயுதம் தருகின்றன. முன்பும் இப்படித்தான்: நெருக்கடிக்குப் பணிந்து, 2006-ம் ஆண்டுக்கான தலைமைப் பொறுப்பை மியான்மர் 2005-லேயே விட்டுக்கொடுத்தது, ஆனால் சூகி வீட்டுக்காவலிலிருந்து வெளியே வந்தது 2010 நவம்பரில்தான். இம்முறையும் 2026-ம் ஆண்டுக்கான தலைமை மியான்மரின் கைநழுவி, பிலிப்பைன்ஸுக்குப் போயிருக்கிறது.