அடித்தவர் போன பிறகும் கை ஏன் தலைக்குப் போகிறது?

கடலில் பாசி எடுத்துப் பிழைக்கிறேன். குடித்துவிட்டு அடித்தவர் பிரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. கச்சான் காற்றில் கதவு அடித்தாலும் கை தானாகத் தலையை மறைக்கிறது. எனக்குப் பைத்தியமா? (மண்டபம்)

இல்லவே இல்லை அம்மா. மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்து வந்தால் மணி அடிப்பது அதன் வேலை. வருடக்கணக்கில் அடி வாங்கியவருக்கு அது சின்னச் சத்தத்துக்கே அடிக்கும். ‘காற்றுதான், வேறொன்றுமில்லை’ என்று அதை அமர்த்த வேண்டிய மூளையின் முன்பகுதியின் பிடியும் தளர்ந்திருக்கும். கை தலைக்குப் போவது, ஒரு காலத்தில் உங்களைக் காப்பாற்றிய பழக்கம்.

வெறும் பேச்சு மூளையை மாற்றுமா? (கீழக்கரை)

மாற்றும். பேச்சு வழிச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் அமிக்டலாவின் பதற்றம் குறைந்து, மூளையின் முன்பகுதி அதிகம் வேலை செய்வது தெரிந்தது. எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பேச்சு ஆறுதல் பேச்சு அல்ல. ஒரு முறையில், அடி விழுந்த அந்த ராத்திரியை முதலிலிருந்து கடைசி வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைப்போம். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும், முந்தானை நுனி கையில் கசங்கும். போகப்போக, குரல் நடுங்காமல் அதே கதை வரும். பழைய நினைவு அழிவதில்லை. ‘அது அன்றைக்கு, இது இன்றைக்கு’ என்று மூளை புதிதாகப் படித்துக்கொள்கிறது. பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். ‘என் தப்புதான்’ என்ற எண்ணத்தைப் பிரித்துப் பார்க்கும் இன்னொரு முறைக்குச் சுமார் 12. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார்.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்... (சாயல்குடி)

மனசுக்கு ஆறுதல் என்றால் போய் வாருங்கள். சிகிச்சையை நிறுத்தாதீர்கள், யாரையும் கட்டிவைக்க விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை நம் மாவட்டம் மறக்கக் கூடாது.

தங்கச்சி இன்னும் அவனோடுதான் இருக்கிறாள். கவுன்சிலிங் போதுமா? (தொண்டி)

போதாது, முதலில் பாதுகாப்பு. தினம் அடி விழும் வீட்டில் அந்த மணி சரியாகத்தான் அடிக்கிறது. அதை அமர்த்த எனக்கு மனம் வராது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமை உண்டு. பெண்கள் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு 14416. அவள் போனில் இவற்றை மீன்காரம்மா, தையல்கடை என்று வேறு பெயரில் பதிந்துகொடுங்கள்.