பனிக்காலப் பெட்டிக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கடலோரமாகச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். பந்தல் விளக்கு, பெயர்ப்பலகை, தண்ணீர் பம்ப் எல்லாவற்றுக்கும் வெளிச்சுவரில் ஒரே டிபி பாக்ஸ்தான் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). மழை பிடித்தால், மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஐரோப்பாவின் பனிக்காலத்துக்கே தாங்கும் பெட்டி, உள்ளே ஹீட்டரும் உண்டு என்று ஒரு கடைக்காரர் இரண்டு மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இஎல்சிபி விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது, அது பெட்டிக்குள்தான் என்று யார் சொன்னது? பெரும்பாலும் பெயர்ப்பலகைக்குள் இருக்கும் இணைப்பு, பம்பின் முனைப்பெட்டி, பந்தலில் டேப் சுற்றி விட்ட வயர் இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து ஒவ்வொரு சர்க்கியூட்டையும் மெகர் (வயரின் காப்பு சரியா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று இஎல்சிபியைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், ஈரத் தரையில் ஆள் நிற்கும் இடம் அது. 1994 மின்சார விதிமுறைகள் அப்படிப்பட்ட இடத்துக்கு 10 மில்லியம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் பாதுகாப்பு கேட்கின்றன.

பெட்டியே பழுது என்று தெரிந்தால் அப்புறம் விலை பேசலாம். பனி விழும் ஊரில் பெட்டிக்குப் பயம் வேறு: உறைகுளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும், கதவு பனிக்கட்டியில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நம் எதிரி வெயிலும் உப்புக் காற்றும். மதியம் வரை வெயிலில் காய்ந்த பெட்டிக்குள் காற்று விரிந்து வெளியேறும், நாலு மணிக்குத் திடீரென்று மழை கொட்டினால் பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்ளே அழுத்தம் குறைந்து, ரப்பர் ஓரத்தில் நிற்கும் தண்ணீரையும் ஈரக்காற்றையும் இழுத்துக்கொள்ளும். இதற்கு அடியில் பொருத்தும் சிறிய காற்றுத் துவாரம், அதாவது பிரீதர், போதும். ஹீட்டர் ஈரம் கோக்காமல் பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் உள்ளே ஒழுகும் தண்ணீரை அது என்ன செய்யும்?

பெட்டி தூசியையும் தண்ணீரையும் எந்த அளவுக்குத் தடுக்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள். ஐபி65 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாய் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும், ஐபி66 என்றால் 12.5 மில்லிமீட்டர் முனை, 100 லிட்டர். மழைக்கு முதலாவதே தாராளம், ஆனால் ராத்திரி கடை கழுவும் பையன் எண்ணெய்ப் பிசுக்கு போக ஹோஸ் பைப்பை எங்கே திருப்புகிறான் என்பதையும் கணக்கில் வைத்து உங்களுக்கு ஐபி66 என்பேன். கடலோரத்தில் சாதாரண இரும்பு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்றால் 304 ரகம் இல்லை, உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் கேளுங்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் வெயில் தாங்கும் பாலிகார்பனேட்.

எந்த எண்ணும் வயருக்காகத் துளை போடும் வரைதான். மேலே துளைத்து வயரைச் சொருகிவிட்டால் ஐபி66 பெட்டியும் வாளிதான். வயர்கள் அடிப்பக்கமாக, சரியான அளவு கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் மூடி) வழியாக, நுழையும் முன் சற்றுத் தொங்கி வளைந்து வரட்டும்.

பில்லில் ஐபி எண்ணையும் உலோக வகையையும் எழுதி வாங்குங்கள். தொழிலுக்கு வாங்கும் சாமானுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: பழைய பெட்டியைச் சுற்றி சிலிக்கான் அடித்தால் போதாதா?

பதில்: வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும், அதை வயர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நியூட்ரல் என்று எழுதியது பரவாயில்லை, அதையும் மேல் ஓரத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் அடியுங்கள். அடிப்பக்கத்தை அடைத்தால் உள்ளே சேரும் தண்ணீர் போக வழி இருக்காது.