கோல் போடாத பையன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் மகனுக்குப் பதினெட்டு வயது. பி.காம். முதலாண்டு. எட்டாவதிலிருந்து ஃபுட்பால் ஆடுகிறான். நடுவில் ஆடுகிறான், மிட்ஃபீல்டர் என்று சொல்கிறான். போன மே மாதம் சென்னையில் ஒரு கிளப்பின் செலக்‌ஷனுக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாள் ஆடவிட்டுப் பார்த்துவிட்டு, உயரம் பத்தாது என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்தடி ஐந்தங்குலம் இருக்கிறான். ரயிலில் காட்பாடி தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒருநாள், லூகா மோட்ரிச்சைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினான். “நைனா, இவரையும் குள்ளம்னுதான் சொன்னாங்க. முப்பத்து மூணு வயசுல உலகத்துலயே பெஸ்ட் பிளேயர் ஆயிட்டார்” என்கிறான். அவன் அம்மா, டிகிரியை முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதட்டும் என்கிறாள்.

அவன் ஆடுவதை நாலு முறை போய்ப் பார்த்தேன். ஒரு கோல்கூடப் போடவில்லை. கோல் போடும் இடத்துக்கே போவதில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள், “உங்க பையன் நல்லா ஆடறாம்பா” என்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இதை நம்பி ஒரு பையனை விடலாமா? நேராகச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், ஆம்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். மோட்ரிச் கட்டுரையில் இனிக்கிற பகுதியை மட்டும் எழுதிவிட்டேன். உங்கள் மகன் அதை எப்படி வாசித்திருக்கிறான் என்று பார்த்தபோதுதான் உறைத்தது. 33 வயதில் மோட்ரிச் பெரிய ஆளாகவில்லை. 33 வயதில், 2018-இல், அவருக்குத் தங்கப் பந்து விருது கொடுத்தார்கள். மெஸ்ஸியும் ரொனால்டோவும் பத்து வருடம் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்த விருது அது. அவ்வளவுதான். ஆட்டக்காரராக அவர் தேறியது அதற்கு எத்தனையோ வருடம் முன்பு.

அவருடைய 18-ஐ உங்கள் பையனின் 18-ஓடு வைத்துப் பாருங்கள். மோட்ரிச் 1985-இல் குரோவேஷியாவின் ஸாதர் பக்கம் பிறந்தவர். போரில் தாத்தாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். குடும்பம் அகதியாக ஓட்டல் அறையில் கிடந்தது. ஓட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில்தான் பந்தாட்டம். ஹைதுக் ஸ்ப்ளிட் கிளப் அவரைப் பார்த்துவிட்டு, பையன் நோஞ்சான் என்று வேண்டாம் சொன்னது நிஜம். ஆனால் அதற்கப்புறம் டினாமோ ஸாக்ரெப் அவரை எடுத்துக்கொண்டது. 18 வயதில் அவர் அந்த கிளப்பின் ஆள். போஸ்னியாவில் முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன லீக்கில் காலும் தோளும் உரமேறட்டும் என்று, ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் அணிக்கு ஒரு சீசன் இரவலாக அனுப்பினார்கள். அடிபட்டாலும் திரும்பி வர ஒரு வீடு இருந்தது. உங்கள் பையன் செலக்‌ஷனில் தோற்றதும் காட்பாடி ரயில் ஏறிவிட்டான். இன்னொன்று, மோட்ரிச் 172 சென்டிமீட்டர். ஐரோப்பாவில்தான் அது குள்ளம்.

நான் எழுதியிருக்க வேண்டியது இங்கோலோ கான்டேயைப் பற்றி. உங்கள் வீட்டுக் கதைக்கு அவர்தான் பொருத்தம். பாரிஸின் மேற்குப் புறநகர்ப் பையன். உயரம் உங்கள் மகனைவிட ஓரங்குலம் கூட இருக்கலாம். பெரிய அகாடமிகள் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை. 19 வயதுவரை சுரென் என்ற சின்ன உள்ளூர் கிளப்பிலேயே ஆடிக்கொண்டிருந்தார். 2010-இல் பூலோன் என்ற கடற்கரை ஊரின் கிளப்புக்குப் போனார், அங்கேயும் முதலில் ரிசர்வ் அணிதான். அந்தக் காலத்தில் கணக்கியல் படித்து டிப்ளமோவும் வாங்கினார். உங்கள் மகன் படிக்கும் பி.காம். மாதிரிதான். அங்கிருந்து மூன்றாம் டிவிஷன், பிறகு கான் அணியில் இரண்டாம் டிவிஷன், முதல் டிவிஷன், 2015-இல் இங்கிலாந்தின் லெஸ்டர். 2016-இல் லெஸ்டர் சாம்பியன். யாருமே எதிர்பார்க்காத சாம்பியன். அதே வருடம் செல்சிக்குப் போனார், 2017-இல் செல்சி சாம்பியன். 2018-இல் பிரான்ஸோடு உலகக் கோப்பை.

அந்த மாஸ்கோ இறுதியாட்டத்தில் எதிர் நடுக்களத்தில் நின்றது மோட்ரிச். பிரான்ஸ் 4-2 என்று ஜெயித்தது. ஜெயித்த கான்டேயை 55-ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். தோற்ற மோட்ரிச்சுக்குத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. இரண்டு பேரும் அன்றைக்கு கோல் போடவில்லை.

சரி, இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். பையன் நல்லா ஆடுகிறான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலூரில் காலேஜ் டீமுக்கு ஆடியவன். அப்போது மிட்ஃபீல்டர் என்ற வார்த்தையே எங்கள் வாயில் இல்லை. சென்டர் ஹாஃப், ரைட் ஹாஃப், லெஃப்ட் ஹாஃப். நான் சென்டர் ஹாஃப். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள் அல்லவா? கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார், காலியான அந்த இடத்தில் கோலில்லாத டீம் என்று எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் சக மாணவர்கள்.

எங்கள் பி.டி. மாஸ்டர் ஒரு பழைய ரயில்வே ஆட்டக்காரர். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான். யாராவது எனக்குப் பந்தைத் தட்டிவிடுவார்கள். அது என் காலுக்கு வந்து சேர்வதற்குள், என் முதுகுக்குப் பின்னால் நிற்கும் அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று நான் கத்திச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கோட்டை அகழியைச் சுற்றி ஒரு ஓட்டம், வேலூர் வெயிலில். முதல் வாரம் அகழியில் கிடந்த தவளைகளுக்கெல்லாம் என் முகம் பழகிப்போயிற்று. மூன்றாம் மாதத்தில் ஒரு விசேஷம் நடந்தது. பந்து வருவதற்கு முன்பே, அதை யாருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. மைதானம் திடீரென்று பெரிசானமாதிரி இருந்தது.

மாஸ்டர் விரலால் செய்ததை, பின்னாளில் கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் காமிராப் பதிவுகளை வைத்து எண்ணிப் பார்த்தார். ஆட்டம் முழுக்க ஒரே ஆட்டக்காரரைத் தொடரும் பதிவுகள் அவை. பந்து வருவதற்கு முன்னால் அடிக்கடி தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்கிறது என்று கண்டார். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு ஆளின் காலில் பந்து இருப்பது மொத்தம் ஓரிரண்டு நிமிடம்தான். நடுவில் ஆடுகிறவன் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறான், பெரும்பாலும் பந்தில்லாமல். நீங்கள் நாலு ஆட்டத்திலும் பந்தைப் பார்த்திருக்கிறீர்கள். பையன் வேலை செய்தது மிச்ச நேரத்தில்.

நடுக்களத்தின் இன்னொரு குணம், வயது ஏற ஏற ஆள் பின்னால் நகர்வது. இத்தாலியின் பிர்லோ கோலுக்குப் பக்கத்தில் ஆடவென்றே வளர்ந்தவர். 2001-இல் பிரெஷாவுக்கு இரவலாக வந்தபோது, அந்த முன்னிடத்தில் இத்தாலியின் பெரிய நட்சத்திரம் பாஜ்ஜியோ நின்றிருந்தார். கோச் மாஸோனே இவரைப் பின்னே இழுத்து, தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். அங்கிருந்துதான் பிர்லோ பிர்லோவானார். வேகத்தை நம்பி ஆடுகிறவர்களுக்கு முப்பதுக்கு மேல் கஷ்டம். கண்ணை நம்பி ஆடுகிறவன் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பான். 2022 ஏப்ரலில் செல்சிக்கு எதிராக, 36 வயது மோட்ரிச் வலது காலின் வெளிப்பக்கத்தால் தன் அணியின் ரோட்ரிகோவுக்கு வளைத்து அனுப்பிய பாஸை உங்கள் மகனிடம் கேளுங்கள், போனில் வைத்திருப்பான். ரோட்ரிகோ ஓட ஆரம்பித்திருந்த இடத்தை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன் இவர் பார்த்துவிட்டார்.

இதெல்லாம் ஐரோப்பா. நம் பக்கம் எப்படி?

மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மீனவ கிராமத்துக்காரர். சென்னை சிட்டி அணிக்கு நடுக்களத்தில் ஆடி, இந்தியக் கிளப்புகளின் லீக்கான ஐ-லீக்கில் 2017-18-இன் சிறந்த மிட்ஃபீல்டர் விருது வாங்கினார். அங்கிருந்து ஜாம்ஷெட்பூர், அப்புறம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அங்கே இடது ஓரத்துக்கு மாற்றினார்கள், அதையும் ஆடினார், 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை கிடைத்தது. 2020 நவம்பரில் அடுத்த சீசனின் முதல் ஆட்டம், கேரளாவோடு. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்கால் போய்விட்டது. அந்த சீசன் அத்தோடு சரி. 26 வயது, எல்லாம் கூடிவந்த நேரம். மோட்ரிச்சின் படத்தை சுவரில் ஒட்டுகிற பையன்கள் பக்கத்தில் சூசைராஜ் படத்தையும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம்மூரிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியும் என்பதும், போனபிறகு என்ன ஆகும் என்பதும் அவரிடம் ஒன்றாக இருக்கிறது.

கிளப்புகளின் கதை இன்னும் மோசம். சென்னை சிட்டி 2018-19-இல் ஐ-லீக்கையே வென்றது, கோயம்புத்தூர் மைதானத்தில். மூன்று வருடம் போவதற்குள் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. 2025-இல் ஐ.எஸ்.எல். சீசன், லீக்கை நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் மாதக்கணக்காகத் தள்ளிப்போனது. இந்தியாவின் முதல்தர ஆட்டக்காரர்கள் எப்போது ஆட்டம் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால்தான் எங்கள் காலத்துப் பெரியவர்கள் கிளப்பை நம்பவில்லை, ஆபீஸை நம்பினார்கள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் பேங்க், போலீஸ். சென்னை லீக்கில் ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போய்விட்டால் ஆட்டமும் சம்பளமும் ஒன்றாக நடக்கும். என்னோடு ரைட் ஹாஃப் ஆடியவன் அப்படித்தான் ரயில்வேக்குப் போனான். இப்போது பென்ஷன் வாங்குகிறான், முட்டிவலிக்குத் தைலமும் வாங்குகிறான். நான் இன்டர்காலேஜோடு நின்றுவிட்டேன். காயமெல்லாம் இல்லை, சோம்பல்.

அந்த வழி இன்னும் முழுசாக அடைபடவில்லை. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிய மிட்ஃபீல்டர். மதுரை சேது எஃப்.சி. 2018-19-இல் பெண்கள் லீக்கை வென்றபோது அணியில் இருந்தவர். அவர் தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருவில் நின்று வண்டிகளை மறித்து விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது, நடுக்களத்தில் அவர் செய்வதும் இதேதானே என்று சிரிப்பு வந்தது.

நேராகச் சொல்லச் சொன்னீர்கள். கிளப்பில் எடுக்கவில்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம். உயரம் பத்தாது என்று சொன்னவர்கள் நடுக்களத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாதவர்கள் என்பது என் அபிப்பிராயம், தப்பாகவும் இருக்கலாம். பி.காமை விடக் கூடாது, அதில் அவன் அம்மா பக்கம்தான் நான். டிகிரி முடிய எவ்வளவு நாளோ, ஆட்டத்துக்கும் அவ்வளவு நாள் கொடுங்கள். அதற்குள் திருவள்ளுவர் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கிறானா, சென்னை லீக்கில் ஏதாவது ஒரு அணி கூப்பிடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் பேங்க் பரீட்சைப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை பாலாற்று மணலில் ஆடுவான், யார் தடுக்கப்போகிறார்கள்?

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ஐந்தாவது ஆட்டத்துக்குப் போங்கள். பத்தே நிமிடம் பந்து எங்கே போனாலும் திரும்பாமல், பையனின் தலையை மட்டும் பாருங்கள். பந்து அவனிடம் வருவதற்கு முன் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
சத்துவாச்சாரியிலிருந்து