ஜெர்மனியில் வேலை விசாவில் இருக்கிறேன். சுவிட்சர்லாந்து போக தனி விசா வேண்டுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

வேண்டாம். உங்கள் ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டும் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாக இருந்தால் போதும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரிலேயே சேர்ந்துவிட்டது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் வரை சுற்றலாம். கார்டு காலாவதியாகி, கையில் தற்காலிகத் தாள் மட்டும் இருந்தால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எல்லாத் தாளும் பயணத்துக்கு ஆகாது.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். அவர்களுடைய ஷெங்கன் விசா ஒரே முறை நுழைவதற்கானது என்றாலும், சுவிஸ் போய்த் திரும்புவது வெளியேறியதாகக் கணக்கில் வராது.

பாஸ்போர்ட்டை மட்டும் வீட்டில் விட்டுவிடாதீர்கள். போகும்போது பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். திரும்பும்போதுதான் கேட்பார்கள், 2023 அக்டோபரில் இருந்து ஜெர்மன் போலீஸ் அந்த எல்லையில் சோதனை போடுகிறது. நான் போன மூன்று முறையில் இரண்டு முறை, எல்லையில் இருக்கும் சுவிஸ் நகரமான பேசல் தாண்டியதும் ரயில் பெட்டிக்குள் ஏறினார்கள். எதிர் சீட்டுப் பையன் போனில் இருந்த பாஸ்போர்ட் போட்டோவைக் காட்டினான். அவனைத் தனியாக இறக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் என்ன ஆனதோ, ரயில் கிளம்பிவிட்டது.

இனி, நம் ஆட்கள் எல்லோரும் சறுக்குகிற இடம். சுவிஸ் ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதாவது உங்களுக்குத்தான் எல்லை இல்லை. உங்கள் போனுக்கும் சாமான் பைக்கும் காருக்கும் இருக்கிறது.

போனில் நான் பட்டது: கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். நான் நின்றது ஜெர்மன் மண்தான். ஆனால் போன் கூப்பிடு தூரத்தில் இருந்த சுவிஸ் டவரைப் பிடித்துக்கொண்டது. ஏரியையும் படகையும் காட்டி முடிப்பதற்குள் கால் அறுந்தது, கூடவே ஒரு மெசேஜ்: ரோமிங் டேட்டா செலவுக்கான 59.50 யூரோ உச்சவரம்பு முடிந்தது. இத்தாலி, பிரான்ஸ் மாதிரி சுவிஸில் இலவச ரோமிங் கிடையாது. சில பிளான்களில் சுவிஸையும் சேர்த்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லைக்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

சாப்பாடு அங்கே யானை விலை. அதனால் கட்டிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். இறைச்சி தலைக்கு ஒரு கிலோதான். நாங்கள் நாலு பேர், மசாலா தடவிய சிக்கன் மூன்றரை கிலோ. டிக்கியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி டப்பாக்களை எண்ணிவிட்டு எங்களையும் எண்ணினார், விட்டுவிட்டார். மொத்தச் சாமான் மதிப்பு ஆளுக்கு 150 பிராங்குக்குள் இருந்தால் வரி இல்லை; முன்பு 300 ஆக இருந்ததை 2025-ல் குறைத்துவிட்டார்கள்.

காரில் போனால் நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்ற சாலைக் கட்டண வில்லை வாங்க வேண்டும், 40 பிராங்க். ஒரு நாளுக்குப் போனாலும் ஆண்டுக் கட்டணம்தான். இல்லாமல் மாட்டினால் 200 பிராங்க் அபராதம், அதற்கு மேல் விக்னெட் காசும். ஆன்லைனிலேயே வண்டி எண்ணைப் போட்டு வாங்கிவிடலாம். நெடுஞ்சாலையில் 120-க்கு மேல் மிதிக்காதீர்கள்.

காரே வேண்டாம் என்றால், ஜெர்மனியின் உள்ளூர் ரயில்களுக்கான மாதாந்திர பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே பேசல் பாடிஷர் பான்ஹோஃப் வரை வந்துவிடலாம். சுவிஸ் மண்ணில் ஜெர்மன் ரயில்வே நடத்தும் ஸ்டேஷன் அது! அதற்குப் பிறகு தனி டிக்கெட்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உங்கள் ஜெர்மன் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் இருக்கும் ஐரோப்பிய மருத்துவ அட்டையை ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் சுவிட்சர்லாந்தில் பயன்படுத்த முடியாது என்பதுதான் ஒன்றியத்தின் விதி. சில யூரோவுக்குப் பயணக் காப்பீடு கிடைக்கும். மலை ஏறப்போகிறீர்கள் என்றால் கட்டாயம் எடுங்கள்.

லேப்டாப்பின் தடித்த உருண்டை பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வேண்டும். தண்ணீருக்குக் காசு செலவழிக்காதீர்கள், தெருவுக்குத் தெரு குடிக்கிற நீரூற்று இருக்கிறது.

சூரிச்சில் நேரம் மிஞ்சினால் எஸ்4 ரயிலில் அட்லிஸ்வில் போய் முருகன் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஈழத்து மக்கள் நடத்துவது. நான் செருப்பைக் கழற்றும்போதே ஒரு அம்மா, "எங்கையிருந்து வாறியள் தம்பி?" என்று கேட்டார். ஸ்டுட்கார்ட் என்றேன். "அது சரி, ஊர் எது?" என்றார்.