ராட்சசனின் கை எந்தப் பக்கம்? கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் விளையாட்டு. அதில் வரும் புலித்தலை ராட்சசர்களைப் பற்றியும் அவர்களின் மினியேச்சர் உருவங்களைப் பற்றியும் கொழும்புப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல வருஷமாக இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். பூதங்களில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் இவர்கள்தான்.

அக்கா, எங்களுடைய அரக்கர்களுக்குப் புலித்தலை இல்லையே. இது எங்கிருந்து வந்தது? (கொட்டாஞ்சேனை)

1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோல்ச்சாக் என்ற செய்தியாளர் பேய் பிசாசுகளைத் தேடிப் போகும் தொடர் ஒன்று ஓடியது. அதில் ஒரு கதையில் வரும் ராட்சசன், நீங்கள் யாரை நம்புகிறீர்களோ அவருடைய உருவத்தில் கிட்ட வருவான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால்தான் சாவான். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அதிலிருந்துதான் தன் ராட்சசனை எடுத்தார். 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற, விளையாட்டின் பூதங்களை விவரிக்கும் புத்தகத்தில் அந்த அம்பும் அப்படியே இருக்கிறது. புலித்தலையை எல்லோர் மனதிலும் பதித்தது அந்தப் புத்தகத்தில் டேவிட் டிராம்பியர் வரைந்த படம். நல்ல உடுப்பும் புகைக்குழாயுமாக, வீட்டுக்காரர் போல ஆறுதலாக இருப்பான்.

தலை புதிது, குணம் பழையது. கம்பனில் சூர்ப்பணகை அழகியாக வருகிறாள். மாரீசன் பொன்மானாக ஓடுகிறான். இராவணனே தவசி வேஷத்தில் வாசலுக்கு வருகிறான். மூவரும் வேஷத்தில் வந்தே காரியம் பார்த்தவர்கள். எங்கோ ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாகப் போயும் அந்தக் குணம் தொலையாமல் வந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எங்கள் குழுவில் மந்திரவாதி என்ன எறிந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி அடிப்பது? (தெஹிவளை)

2014 பதிப்பின் விதிப்படி, அவனாக விரும்பாவிட்டால் 6ஆம் நிலை வரையான எந்த மந்திரமும் அவனைத் தொடாது. நல்ல குணமுள்ளவர் கையில் இருக்கும் மந்திர ஆயுதம் குத்தினால் மட்டும் காயம் இரட்டிப்பு. பழைய அம்பின் மிச்சம் அது. நகம் படாமல் பாருங்கள்; பட்டவர் இரவு முழுக்கப் படுத்து எழும்பினாலும், சாபம் நீங்கும்வரை ஓய்வின் பலன் கிடைக்காது. கொன்ற பிறகும் கதை முடிவதில்லை. நரகத்தில் மறுபடி உருவாகி, பழைய நினைவோடு உங்களைத் தேடி வருவான். நரகத்திலேயே வைத்துக் கொன்றால்தான் ஒரேயடியாக ஒழிவான்.

தனி ஒருவனாக இல்லாமல், ஒரு இனமாக அவர்களுக்குச் சரித்திரம் எழுதிய உலகம் உண்டா? (வத்தளை)

உண்டு. 2004இல் வந்த, கீத் பேக்கர் இந்த விளையாட்டுக்காகக் கற்பனை செய்த எபரான் என்ற உலகம். ஆதிகாலத்தில் அந்த உலகத்தைப் பேரரக்கர்கள் ஆண்டார்கள். ராட்சசர்கள் அவர்களுக்குச் சேவகர்கள். கூவாட்டல் என்ற சிறகுப் பாம்புகள் தங்கள் உயிரையே கொடுத்து அந்தப் பேரரக்கர்களைக் கட்டி வைத்தன. தப்பிய ராட்சசர்கள் தூசியின் பிரபுக்கள் என்ற பெயரில், தங்கள் எஜமானர்களை விடுவிக்க இன்றைக்கும் மறைவில் வேலை செய்கிறார்கள். அவசரமே இல்லாத எதிரிகள். என் ஆட்டங்களுக்கு இதைத்தான் எடுக்கிறேன்.

ராட்சசனின் கை திரும்பியிருக்கும் என்கிறார்கள். நான் வாங்கிய உருவத்தில் சாதாரணக் கைதான். மாற்றலாமா? (பம்பலப்பிட்டி)

மாற்றலாம், தம்பி. மாற்றத்தான் வேண்டும். அந்த உருவத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. எங்களுக்குப் புறங்கை இருக்கும் இடத்தில் அவனுக்கு உள்ளங்கை.

முதலில் உங்கள் இடது கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். உள்ளங்கை தொடைப் பக்கம், பெருவிரல் முன்னுக்கு. பலர் மணிக்கட்டில் வெட்டி, அதே கையை அரைவட்டம் திருப்பி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளங்கை வெளியே வந்துவிடும், சரி. ஆனால் பெருவிரல் பின்னுக்குப் போய்விடும். பார்ப்பவருக்குக் கை முறிந்தது போலத்தான் தெரியும். நானும் முதல் உருவத்தை அப்படித்தான் கெடுத்தேன்.

இரண்டு கைகளையும் வெட்டி, இடதை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் ஒட்டுங்கள். இப்போது உள்ளங்கை வெளியே பார்க்கும், பெருவிரல் முன்னுக்கே நிற்கும். முதல் பார்வையில் ஒன்றும் பிழையாகத் தெரியாது. இரண்டாவது தரம் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். ராட்சசன் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒட்டுக்குப் பசை மட்டும் போதாது. மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை மணிக்கட்டுக்குள் செருகி, சூப்பர் குளூ விடுங்கள். காய்ந்த பிறகு கிரீன் ஸ்டஃப் என்ற, பிசைந்து உருவாக்கும் பச்சைப் பசைமாவை நூல் போல உருட்டி மணிக்கட்டைச் சுற்றினால் காப்பு ஆகிவிடும். வெட்டிய இடம் மறைந்துவிடும், அவனுக்கும் நகை வடிவாக இருக்கும்.

வாள் வாழைத்தண்டு மாதிரி வளைந்து வந்திருக்கிறது. (மருதானை)

மென்மையான பிளாஸ்டிக் என்றால் கொதிநீரில் சில விநாடி பிடித்து, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். றெசின் உருவத்தைக் கொதிநீரில் போட வேண்டாம். சாடையான சூடு போதும்.

நிறம் பூச முன் அடிப்பூச்சாக ஸ்பிரே பிரைமர் அடித்தால் மேலெல்லாம் மணல் மாதிரி வருகிறது. நல்ல டின்தான். (கல்கிசை)

டின்னில் பிழை இல்லை, பிள்ளை. எங்கள் ஊர் ஈரலிப்புதான் காரணம். மழை இருட்டிய பின்னேரத்தில் கடற்கரைப் பக்க பல்கனியில் நின்று அடித்தால் அப்படித்தான் வரும். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். மழைக்காலத்தில் பிரைமரைத் தூரிகையாலேயே மெல்லிய இரண்டு பூச்சாகப் பூசுங்கள். கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷுக்கும் இதே கவனம் வேண்டும். ஈரக் காற்றில் அது வெள்ளையாகப் பூத்து, ஒரு கிழமை வேலையை மறைத்துவிடும்.

புலி வரிகளும் கண்ணும் சரியாக வருவதே இல்லை. (வெள்ளவத்தை)

வரிகளைக் கோடாக இழுக்காமல், முதுகுப் பக்கம் தடித்து வயிற்றுப் பக்கம் கூர்ந்து முடியும்படி போடுங்கள். முழுக் கறுப்பை விட, கறுப்பில் கொஞ்சம் மண்ணிறம் கலந்தால் ரோமத்தோடு சேரும். புலியின் கண்மணி வட்டமானது. பூனை மாதிரி நெட்டையாகக் கீற வேண்டாம். காதின் பின்பக்கம் கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டை மறந்துவிடாதீர்கள். மேசையில் உருவம் திரும்பி நிற்கும்போது உங்களைப் பார்ப்பது அதுதான்.

வழமையான செம்மஞ்சளை விட்டு வேறு நிறத்தில் செய்யலாமா? (நுகேகொடை)

அம்பலாங்கொடை முகமூடிகளை ஒருதரம் கிட்ட நின்று பாருங்கள். நாக ராட்சசனுக்குத் தலையெல்லாம் படமெடுத்த பாம்பு, பிதுங்கிய கண், சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில். அந்த நிறங்களை உடுப்பிலும் தலைப்பாகையிலும் வைத்து, ரோமத்தை மங்கலாக விட்டால் அழகாக இருக்கும். முகத்திலும் பூசிவிட்டால் புலி தொலைந்துவிடும். இங்கே காட்டில் புலி இல்லை, சிறுத்தைதான். சிறுத்தைத் தலை வைத்தும் ஒன்று செய்திருக்கிறேன்.

இராவணனைப் பத்துத் தலையோடு இந்த அளவில் செய்ய ஆசை. முடியுமா? (கொச்சிக்கடை)

28 மில்லிமீட்டர் உருவத்தில் ஒரு தலை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம். பத்தையும் வரிசையாக வைத்தால் 40. வழமையான அடித்தட்டே 25தான், ஆள் சரிந்து விழுவார். திருவிழாவில் கைலாச வாகனம் வரும்போது, மலையைத் தூக்கும் இராவணனைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுமுகத்தை முன்னே தள்ளி, மற்ற முகங்களை இரு பக்கமும் பின்னுக்குச் சரித்து வைத்தால் அகலம் குறையும். 50 மில்லிமீட்டர் தட்டு எடுங்கள், நடுமுகத்தை மட்டும் முதலில் முடியுங்கள். அவருடைய கைகளை மாற்றி ஒட்ட வேண்டாம். அது புலித்தலையனுக்கு உரியது.