நபியை ஏசுபவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பழைய நண்பர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். சென்ற மாதம் அதில் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தும் படம் ஒன்றைப் பகிர்ந்தார். எனக்கு உடலே நடுங்கிவிட்டது. அந்த ஆத்திரத்தில் அவர் வணங்கும் தெய்வங்களைக் கேலி செய்து நானும் சில வரிகளை எழுதிவிட்டேன். அதன் பிறகு, எந்த வம்புக்கும் போகாத இரண்டு நண்பர்கள்கூட என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். என் தம்பியோ, "இதைக்கூடச் செய்யாவிட்டால் அது என்ன ஈமான் (இறைநம்பிக்கை)?" என்கிறான். நான் செய்தது சரியா? இனி இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். உடல் நடுங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் குறை காண எதுவும் இல்லை. பெற்றோரையும் பிள்ளைகளையும்விட அதிகமாக நேசிக்க வேண்டிய ஒருவரைப் பிறர் இழித்துரைக்கும்போது நெஞ்சு கொதிக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அவர்கள் பேசுவதைக் கேட்டு உமது நெஞ்சம் நெருக்கடிக்கு உள்ளாகிறது என்பதை நாம் அறிவோம் என்று அல்லாஹ் தன் தூதரிடமே கூறுகிறான் (குர்ஆன் 15:97). அடுத்த வசனத்தில், உமது இறைவனைப் புகழ்ந்து துதிப்பீராக, ஸஜ்தா (சிரவணக்கம்) செய்வோரில் ஒருவராக இருப்பீராக என்கிறான். வலிக்கக் கூடாது என்று அவன் சொல்லவில்லை. அந்த வலியை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்பதைச் சொல்லிக் கொடுத்தான்.

ஆனால் நீங்கள் எழுதிய அந்தச் சில வரிகள் தவறானவை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அல்லாஹ்வை விட்டுவிட்டு அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்கள் அறியாமையால் வரம்பு மீறி அல்லாஹ்வை ஏசுவார்கள் என்று குர்ஆன் நேரடியாகவே தடுக்கிறது (6:108). பெற்றோரைத் திட்டுவது பெரும்பாவம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, தன் பெற்றோரை ஒருவன் எப்படித் திட்டுவான் என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். இவன் இன்னொருவனின் தந்தையைத் திட்டுகிறான், அவன் திரும்ப இவனுடைய தந்தையைத் திட்டுகிறான் என்பதே நபியவர்கள் தந்த விளக்கம். இந்த ஹதீஸின் (நபிமொழியின்) வெளிச்சத்தில் பார்த்தால், உங்கள் வரிகளுக்குப் பதிலாக அந்த நண்பர் இரண்டாவது படம் ஒன்றைப் பகிர்ந்திருந்தால் அதில் உங்களுக்கும் பங்கு வந்திருக்கும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது, எழுதிய அதே குழுவில் அந்த வரிகளுக்காக வருத்தம் தெரிவிப்பது. "உங்கள் தெய்வங்களைக் கேலி செய்து நான் எழுதியது தவறு, என் மார்க்கமே அதை அனுமதிக்கவில்லை, மன்னித்துவிடுங்கள். நபிகளாரைப் பற்றிய அந்தப் படம் என்னை மிகவும் புண்படுத்தியது என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்" என்ற அளவில் இருந்தால் போதும். இரண்டையும் "ஆனால்" என்ற சொல்லால் இணைத்துவிடாதீர்கள். அந்த ஒரு சொல் மன்னிப்பை வழக்காடலாக மாற்றிவிடும். விலகிச் சென்ற இரண்டு நண்பர்களும் படிக்கப்போவது உங்களுடைய இந்தச் செய்தியைத்தான். படத்தைப் பகிர்ந்தவர் மனம் மாறுவாரா என்பதைவிட இவர்கள் இருவரும் இஸ்லாத்தைப் பற்றி என்ன எண்ணத்தோடு இருக்கப்போகிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி நடந்தால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். நபி (ஸல்) அவர்கள் எல்லா ஏச்சுக்கும் ஒரே விதமாகப் பதில் சொன்னவர்கள் அல்லர். ஏசுகிறவர் யார், எதற்காக ஏசுகிறார் என்பதைப் பார்த்தே நடந்துகொண்டார்கள். மக்காவில் நபியை எதிர்த்த அவர்களுடைய சொந்தக் குலத்தாரான குறைஷிகள், 'புகழப்பட்டவர்' என்று பொருள்படும் முஹம்மத் என்ற பெயரைத் திரித்து, 'இகழப்பட்டவர்' என்று பொருள்படும்படி 'முதம்மம்' என்று அழைத்து வசைபாடினார்கள். அதைக் கேட்ட அண்ணலார், குறைஷிகளின் ஏச்சை அல்லாஹ் என்னை விட்டு எப்படித் திருப்பிவிடுகிறான் என்று பார்த்தீர்களா, அவர்கள் முதம்மமை ஏசுகிறார்கள், நானோ முஹம்மத் என்றார்கள். நாம் எளிதாகக் கடந்துபோகிற ஹதீஸ் இது. கேலிச் சித்திரத்தில் இருக்கும் உருவத்துக்கும் நம் நபிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வதற்கு அவர்களே வழிகாட்டியிருக்கிறார்கள்.

ஒருமுறை சிலர் வந்து, ஸலாம் சொல்வதுபோல நாவைச் சுழற்றி, "அஸ்ஸாமு அலைக்க", அதாவது உமக்கு மரணம் உண்டாகட்டும் என்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொறுக்க முடியாமல், உங்களுக்கு மரணமும் சாபமும் உண்டாகட்டும் என்று பதிலடி கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்களோ, நிதானம் ஆயிஷா, எல்லாக் காரியங்களிலும் மென்மையையே அல்லாஹ் விரும்புகிறான் என்று மனைவியைத்தான் தடுத்தார்கள். வந்தவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் "வ அலைக்கும்", உங்களுக்கும் அவ்வாறே, என்பது மட்டும்தான்.

இதையெல்லாம்விட உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அனுபவம். அவர்களுடைய தாயார் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. ஒரு நாள் மகன் மார்க்கத்தின் பக்கம் அழைத்தபோது, நபி (ஸல்) அவர்களைப் பற்றி மகனால் தாங்க முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டார். அபூஹுரைரா தாயிடம் திரும்பப் பேசவில்லை. அழுதுகொண்டே நபியிடம் போனார்கள். தாயாரைத் தண்டியுங்கள் என்று கேட்கவில்லை. அவருக்காக துஆ (பிரார்த்தனை) செய்யுங்கள் என்று கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களும், தம்மை ஏசிய அந்தப் பெண்மணிக்காக, "இறைவா, அபூஹுரைராவின் தாய்க்கு நேர்வழி காட்டுவாயாக" என்று துஆ செய்தார்கள். மகன் வீட்டு வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. காலடி ஓசையைக் கேட்டு, அங்கேயே நில் என்று உள்ளிருந்து தாயின் குரல் வந்தது. தண்ணீர் சலசலக்கும் ஓசையும் கேட்டது. குளித்து, ஆடை அணிந்து, தலைத்துணியைக்கூட எடுக்காமல் விரைந்து வந்து கதவைத் திறந்த தாய், வாசலிலேயே இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழியான கலிமாவை மொழிந்தார். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ள இந்தச் சம்பவத்தை உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். அபூஹுரைராவின் ஈமானில் குறை இருந்தது என்று அவரால் சொல்ல முடியாது.

இதற்காக, கேலி தொடரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அல்லாஹ்வின் வசனங்கள் பரிகசிக்கப்படுவதைக் கேட்டால், அவர்கள் வேறு பேச்சுக்குப் போகும் வரை அவர்களுடன் அமராதீர்கள் என்று குர்ஆன் சொல்கிறது (4:140). "வேறு பேச்சுக்குப் போகும் வரை" என்ற வரம்பைக் கவனியுங்கள். எழுந்து போவது கடமை. காலமெல்லாம் உறவை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. மீண்டும் அப்படி ஒரு படம் வந்தால், புண்பட்டதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிடுங்கள். பகிர்ந்தவரிடம் பிறகு தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: நம் மார்க்கத்தை இழிவுபடுத்தும் காணொளிகளை, "எல்லோரும் பார்த்துப் புகார் செய்யுங்கள்" என்ற குறிப்போடு பகிர்வது கூடுமா? அவற்றுக்கு மறுப்பு எழுதுவது நம் கடமை இல்லையா?

பதில்: பகிராதீர்கள். புகார் செய்ய வேண்டுமானால் அந்தத் தளத்துக்கும், சட்டம் இடம்தரும் இடத்தில் காவல்துறைக்கும் நீங்களே அனுப்பினால் போதும். ஆயிரம் பேர் அதைப் பார்க்கத் தேவையில்லை. 2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க் நாளிதழ் ஒன்றில் வந்த 12 கேலிச் சித்திரங்கள், மறு ஆண்டின் கொந்தளிப்புக்கு நடுவே பல நாட்டுப் பத்திரிகைகளில் மறுபதிப்பாயின. 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில், அதேபோன்ற படங்களை வெளியிட்ட ஒரு வார இதழின் அலுவலகத்தைத் தாக்கியவர்கள் 12 பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் முஸ்லிம் காவலர். வழக்கமாக 60,000 பிரதிகள் அளவில் அச்சான அந்த இதழ், நபியின் பெயரால் வரைந்த படத்தையே அட்டையில் தாங்கி, அடுத்த முறை 70 லட்சத்துக்கும் அதிகமாக அச்சானது. நபியின் மானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் சாதித்தது இதைத்தான்.

மறுப்பு எழுதுவது நல்ல காரியம்தான்; ஆனால் எல்லோருக்கும் உரிய காரியம் அல்ல. குறைஷிகளின் வசைக்கவிக்குக் கவிதையாலேயே பதில் தர ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். அப்படிப்பட்ட கவிஞரிடமும், அவசரப்படாதீர்கள், எனக்கும் குறைஷிகளிடம் வம்சத் தொடர்பு இருக்கிறது, முதலில் அபூபக்ரிடம் சென்று வம்சாவளியைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஹஸ்ஸானும் போய்த் தெரிந்துகொண்டு வந்து, பிசைந்த மாவிலிருந்து முடியை உருவுவதுபோல உங்களை அவர்களிடமிருந்து பிரித்தெடுப்பேன் என்று வாக்களித்தார்கள். இன்று ஸீராவில் (நபி வரலாற்றில்) ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்கள், காணொளி முடிவதற்குள் மறுப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு விவரம் தெரிந்த பொருளில், ஆதாரத்தோடு, ஏச்சை மறுபடி சொல்லாமல் எழுத முடிந்தால் எழுதுங்கள். இல்லையேல் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நபி (ஸல்) அவர்களை ஏசிய சிலர் அக்காலத்தில் கொல்லப்பட்டதாகவும் நூல்களில் வருகிறதே? பொறுமையை மட்டும் பேசுவது பாதி உண்மை ஆகாதா?

பதில்: அப்படி வரும் செய்திகளை மறைக்க வேண்டியதில்லை. அவற்றில் முக்கியமானவை, போர்ச் சூழலில், உடன்படிக்கையை மீறி எதிரிகளைத் தூண்டியவர்கள் தொடர்பானவை. ஆட்சித் தலைவர் என்ற நிலையில் நபி (ஸல்) அவர்கள் எடுத்த முடிவுகள். ஏசியவருக்கு என்ன தண்டனை என்பதில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏசியவர் இஸ்லாமிய ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாத குடிமகனாக இருந்தால் அதற்காக மட்டும் கொல்லப்பட மாட்டார் என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் நிலைப்பாடு. தண்டனையை நிறைவேற்றுவது ஆட்சியாளரின் பொறுப்பு என்பதே ஃபிக்ஹின் (இஸ்லாமியச் சட்டவியலின்) பொதுவான விதி. கோபம் கொண்ட தனி மனிதருக்கு அதில் இடமில்லை. ஒரு நாட்டின் குடிமகனாக வாழும் முஸ்லிம், அந்நாட்டுச் சட்டத்துக்குள் நடப்பதாக ஒப்பந்தம் செய்தவர். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (5:1).

அதே நூல்களில், வெளியே முஸ்லிமாகக் காட்டிக்கொண்ட மதீனா நயவஞ்சகர்களின் தலைவர் அப்துல்லாஹ் இப்னு உபையின் செய்தியும் இருக்கிறது. மதீனாவுக்குத் திரும்பியதும் கண்ணியமானவர் இழிவானவரை வெளியேற்றுவார் என்று நபியைக் குறித்தே பேசியவர் அவர். அவரைக் கொல்ல உமர் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டார்கள். விட்டுவிடுங்கள், முஹம்மத் தம் தோழர்களையே கொல்கிறார் என்று மக்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். சில ஆண்டுகள் கழித்து அந்த மனிதர் இறந்தபோது, அவருடைய மகன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, கஃபனுக்காக (சடலத்துக்கு அணிவிக்கும் துணிக்காக) நபி (ஸல்) அவர்கள் தம்முடைய சட்டையையே கொடுத்தார்கள்.